கூட்டேரிப்பட்டில் விட்டுவந்த யாளி

நாலு வருஷம் இருக்கும். ஆவணி மாசத்தில் ஒரு புதன்கிழமை, மதியம் மூணு மணி. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு பெரிய கறுப்பு ஃபைல். அதற்குள் முப்பத்திரண்டு தாள், ஒவ்வொன்றும் பாதியாக மடித்த செய்தித்தாள் அகலம். வெளியே வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லைகள் ஓடின, ஏரிக்கரைப் பனைகள் ஓடின, என் மனசும் ஓடிக்கொண்டிருந்தது. மனசுக்குள் ஒரு திருட்டு யோசனை இருந்தது. அதை அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல்தான் பஸ் ஏறியிருந்தேன்.

எனக்குத் திண்டிவனத்தில் பத்திரம் எழுதுகிற வேலை. கிழக்கே வாய்க்கால், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னாருடைய நஞ்சை என்று நாளெல்லாம் தட்டச்சு செய்வேன். மிச்சமிருக்கும் நேரத்தில் வசன கவிதை எழுதுவேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. அவற்றை வாங்கினவர்கள் எல்லோரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும், அவ்வளவுதான் என் புகழ்.

பத்திரத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். காலி இடம் விடாதே. வரி பாதியில் முடிந்தால் மிச்சத்துக்குக் கோடு இழுத்துவிடு. விட்டால் பின்னாடி யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள், அப்புறம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான். இருபத்தைந்து வருஷமாகக் கோடு இழுத்த கை இது. வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும் அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் பேனாவை மூடுவேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு பதிப்பகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. ஏழு பாகமாக வந்த ஒரு மாயாஜால நாவல் வரிசை. இளவரசன், சாபம், பேசும் மலை, யாளி என்று பஸ்ஸில், ஹாஸ்டலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாம் ஜனங்கள் கையில் வைத்துக்கொண்டு திரிந்த கதை. அதைக் காமிக்ஸ் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும். ஐந்நூறு பக்கத்தைப் படமும் பேச்சுமாகச் சுருக்கித் தர வேண்டும். என் வசன கவிதையில் படம் தெரிகிறது என்று அந்த எடிட்டர் சொன்னார். நான் மூன்று நாள் தரையில் கால் வைக்கவில்லை.

படம் வரைய அவர்கள் தேர்ந்தெடுத்தவர் விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவர். முப்பத்தெட்டு வயசிருக்கும். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் எல்லாம் அவர் கைவேலை. பகலில் பேனர், இடையிடையே தாளில் பென்சிலும் மையுமாக யாளி. ஆறு மாசம் உட்கார்ந்து முதல் பாகத்தை முப்பத்திரண்டு பக்கத்தில் முடித்திருந்தார். இதை மாதிரியாகக் காட்டத்தான் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சென்னையில் நாவலாசிரியரே வந்து பார்க்கிறார். பிடித்தால் ஏழு பாகமும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் வேறு ஆட்களுக்கு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நான் சொல்கிற இந்தப் புதன்கிழமை.

எங்களுக்குள் முதல் நாளிலிருந்தே சின்னச் சின்ன உரசல். காமிக்ஸில் ஒவ்வொரு படமும் ஒரு கட்டம். பேச்சை எழுதுகிற வெள்ளை வட்டத்துக்குப் பலூன் என்று பேர். நான் எழுதிக் கொடுக்கிற வரிகளுக்குப் பலூன் போட்டால் கட்டத்தில் இளவரசனுக்கு மூக்கு மட்டும்தான் மிச்சமாகும்.

"அக்கா, ஃப்ளெக்ஸ்ல எழுத்து ஜாஸ்தியாச்சுன்னா பைக்ல போறவன் படிக்க மாட்டான். பேரு, போட்டோ, என்னிக்கு எடுக்கறாங்க. அவ்ளோதான்" என்பார்.

"இது காமிக்ஸ் தம்பி. கண்ணீர் அஞ்சலி இல்ல."

"நீங்க எழுதியிருக்கிறதைப் பார்த்தா அப்படித்தான்கா இருக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டுதான் நாலு வார்த்தையை வெட்டுவேன். வீட்டுக்கு வந்து இரண்டை மறுபடி சேர்த்துவிடுவேன்.

ஆனால் முப்பத்தோராம் பக்கத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

முதல் பாகத்தின் உச்சமே அதுதான். இளவரசன் குகைக்குள் போய் யாளியை ஈட்டியால் குத்திக் கொல்கிற இடம். நாவலில் அரைப் பக்கம். அதை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஓவியர் அதை எப்படி வரைந்திருந்தார் தெரியுமா? முதல் கட்டத்தில் இளவரசன் ஈட்டியை ஓங்குகிறான். இரண்டாவது கட்டம் முழுக்க யாளியின் கண். அந்தக் கண்ணுக்குள் குன்னிமுத்து அளவுக்கு இளவரசன். மூன்றாவது கட்டத்தில் நாலு பக்கமும் கோடு மட்டும் இருந்தது. உள்ளே வெள்ளை. பக்கத்தைத் திருப்பினால் குகை வாசல், வெயில், வெறுங்கையோடு வெளியே வருகிற இளவரசனின் முதுகு.

"மூணாவது கட்டத்துல என்னா வரும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராதுக்கா. வரைஞ்சி வரைஞ்சி அழிச்சிட்டேன். பென்சில் போக மாட்டேங்குது."

அவர் செஞ்சிப் பக்கம் வல்லத்துக்காரர். சமணக் குடும்பம்; நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைக்கிறவர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு மெஷினில் யாருடைய முகமாவது மெதுவாக அச்சாகி இறங்கிக்கொண்டிருக்கும்போதே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். ஆனால் இந்த விஷயத்துக்கு அவர் மதத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. நான்தான் இழுத்தேன்.

"கொல்றது உங்க வழக்கத்துல இல்லன்னா சரி. ஆனா ரெண்டாம் அத்தியாயத்துல எட்டு பேரைக் கொன்னிருக்கீங்களே தம்பி. ஒருத்தனுக்குத் தலையே இல்ல. அப்போ பென்சில் போச்சா?"

"அவங்கல்லாம் சண்டைன்னு தெரிஞ்சி கிளம்பி வந்தவங்கக்கா. இது என்னா பண்ணுச்சு? அது பாட்டுக்கு குகைக்குள்ள படுத்துக்கினு இருந்துச்சு. இவன்தான் தேடிக்கினு போறான்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "காலியாவே இருக்கட்டும்கா. விட்டுடலாம்."

காலியாகவா? எனக்கு உள்ளங்கை அரித்தது. யார் யாரோ எதையெதையோ எழுதிவிடுவார்களே! வெள்ளிக்கிழமை நாவலாசிரியர் இந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்து, 'என் யாளி எங்கே?' என்று கேட்டால் என்ன சொல்வது? ஏழு பாகமும் ஒரு கட்டத்தால் போய்விடாதா? வாயால் "சரி தம்பி" என்றேன். பலூன் எங்கெங்கே வரும் என்று குறிக்க வேண்டும், அதனால் ஒரிஜினல் தாள்களே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு மனசில்லை. தாள் பெரிசு, அவர் கடை ஸ்கேனரில் அடங்காது. நல்ல பிரதி வேறு எதுவும் இல்லை. போனில் எடுத்த மங்கலான போட்டோக்கள்தான் இருந்தன. "பத்திரம்கா" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

என் திருட்டு யோசனை இதுதான். திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். அவரிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் அந்தக் கட்டத்துக்குள் யாளியைக் கொன்றுவிடுவார். வெள்ளிக்கிழமை நான் மட்டும்தான் சென்னைக்குப் போவதாக இருந்தது; ஓவியர் அச்சில் வந்த பிறகுதான் பார்ப்பார். அப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. டயரில் காற்று கம்மி, பத்து நிமிஷம் ஆகும் என்று கண்டக்டர் இறங்கிப்போனார். புழுக்கம் தாங்காமல் நானும் இறங்கினேன். ஃபைலை பஸ்ஸில் விட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று கையோடு எடுத்துக்கொண்டேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்!

மயிலம் போகிற ரோடு பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதன் முன்னால் ஒரு மர பெஞ்சு. பெஞ்சின் ஒரு முனையில் மல்லாட்டை விற்கிற அம்மா கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வயசுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. புடவைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை. பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்துக் கூம்பு சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மறுமுனையில் நான் உட்கார்ந்தேன். ஃபைலை நடுவில் வைத்தேன்.

அப்போதுதான் வரி வந்தது.

எழுதுகிறவர்களுக்குத் தெரியும், வரி எப்படி வரும் என்று. கூப்பிட்டால் வராது. டயருக்குக் காற்று அடிக்கிற சத்தத்தில், டீ வாசனையில், வேர்வையில், எங்கிருந்தோ ஒரு குருவி மாதிரி வந்து தோளில் உட்காரும். நோட்டை எடுத்து எழுதினேன். அந்த வெள்ளைக் கட்டத்துக்கான வரி: 'ஈட்டி நுழைந்த இடத்தில் ரத்தம் வரவில்லை, அந்தக் குகையில் அதுவரை குடியிருந்த இருட்டெல்லாம் கசிந்து வெளியே வந்தது.'

உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுபடி படித்தேன். மறுபடி. கண்டக்டர் விசில் அடித்தார். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். திண்டிவனம் வருகிறவரை அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன். வானம் கறுத்ததையும் தூறல் விழுந்ததையும்கூட என் வரிக்குக் கிடைத்த கைதட்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு அடி வைத்தபோதுதான் கை லேசாக இருப்பது தெரிந்தது.

நோட்டு இருந்தது. பை இருந்தது. குடை இருந்தது. ஃபைல் இல்லை.

எங்கே விட்டேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை; பெஞ்சு கண் முன்னால் நின்றது. கூடவே கூம்பு சுருட்டுகிற இரண்டு கைகளும் நின்றன. ஆறு மாச உழைப்பு இந்நேரம் முப்பத்திரண்டு பொட்டலமாகியிருக்கும். பெரிய தாளாச்சே, அறுபத்து நாலாகவே ஆகியிருக்கும். பேசும் மலையில் பத்து ரூபாய் மல்லாட்டை. இளவரசனின் முதுகில் பத்து ரூபாய் மல்லாட்டை. அந்தப் பக்கம் போகிற முதல் பஸ்ஸில் ஏறி, உட்காரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஓவியருக்குப் போன் பண்ண விரல் போயிற்று, திரும்பி வந்தது. என்னவென்று சொல்வது? 'தம்பி, உங்க படத்தை எல்லாம் தொலைச்சிட்டேன், ஆனா ஒரு நல்ல வரி கிடைச்சிருக்குது' என்றா?

கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது மழை நின்று, ரோடு பளபளத்தது. பெஞ்சில் அந்த அம்மா அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கூடை திறந்து கிடந்தது. மல்லாட்டை நனைந்து கறுத்திருந்தது. கூடையை மூடுகிற பாலிதீன் தாள் அவர் மடியில். அதற்குள் சுற்றிச் சுற்றி, கயிறு கட்டி, என் கறுப்பு ஃபைல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, அது என்னுதும்மா."

"எது?"

"அந்த ஃபைலு. இங்கதான் உக்காந்து எழுதிக்கினு இருந்தேனே. என்னைத் தெரியலியா?"

"எத்தினியோ பேரு உக்கார்றாங்க. நான் கூம்பைப் பார்ப்பனா, மூஞ்சியைப் பார்ப்பனா? உள்ள என்னா இருக்குது, சொல்லு."

"படம்."

"படம்னு அவருக்கும்தான் தெரியும்" என்று டீக்கடை மாஸ்டரைக் காட்டினார். "உள்ள பேரு இல்ல, நம்பரு இல்ல. யாருதுன்னு தேடி ஒவ்வொண்ணா பார்த்தோம். அது என்னா கதை? உன்னுதுன்னா கதையைச் சொல்லு."

இதைவிட நியாயமான கேள்வி உண்டா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். சாபத்தை, மலையை, இளவரசனின் தனிமையை, குகைக்குள் இருந்த யுகங்களின் மௌனத்தை...

"ஜல்தியா சொல்லும்மா. பாண்டி பஸ்ஸு வர்ற நேரம்."

சுருக்கினேன். என்ன ஆச்சரியம், நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. "...கடைசியில இளவரசன் யாளியைக் கொன்னுட்டு வெளிய வர்றான்."

அந்த அம்மா ஃபைலை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டார். "உன்னுது இல்ல."

"அம்மா!"

"அவன் எங்கம்மா கொன்னான்? நான் ரெண்டு தரம் பார்த்தேன். கொல்லவே இல்ல."

டீக்கடை மாஸ்டர் வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "பார்த்தியாக்கா! நான் சொன்னேன்ல. கொன்னுட்டான்! போகும்போது கையில ஈட்டி இருக்குது, வரும்போது இல்ல. ஏன்? உள்ள குத்திக்கினு நிக்குது."

"கீழ போட்டுட்டு வந்துட்டான்யா. அந்தக் கண்ணைப் பார்த்த இல்ல? அந்தக் கண்ணைப் பார்த்துட்டு எவன் குத்துவான்?"

"இளவரசன் குத்துவான். அதுக்குத்தான அவ்ளோ தூரம் போறான்?"

"போனவன் எல்லாம் குத்திட்டா வர்றான்? நீகூடதான் உன் மச்சானை ரெண்டுல ஒண்ணு பார்க்கறேன்னு போன. ரெண்டு இட்லி துன்னுட்டு வந்த."

பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்த இரண்டு லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் புரிந்தது, நான் வருவதற்கு முன்னாலேயே இங்கே ஒரு மணி நேரமாக இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தே இல்லாத முப்பத்திரண்டு தாளைப் பார்த்து, ஒரு வரிகூட நான் எழுதிக் கொடுக்காமல், இவர்களுக்கு முழுக் கதையும் தெரிந்திருக்கிறது. அது மட்டும் இல்லை. நான் காலி என்று பயந்த அந்தக் கட்டத்துக்குள்தான் எல்லோரும் குடியேறி உட்கார்ந்திருந்தார்கள்.

அது இருக்கட்டும், ஃபைல் கைக்கு வரவேண்டுமே! நாவலில் கொன்றுவிடுகிறான் என்று சொன்னேன். ஊரெல்லாம் படித்த புத்தகம் என்று சொன்னேன். அவர் அசையவில்லை.

"கதை தெரியாதவகிட்ட எப்படிம்மா குடுக்கறது? வரைஞ்சவனை வரச் சொல்லு. அவன் கையில குடுக்கறேன்."

வேறு வழியில்லை. விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். திக்கித் திணறி, தாள்களைக் கூட்டேரிப்பட்டில் தவறவிட்டதையும், கிடைத்துவிட்டதையும், ஆனால் எனக்குத் தரமாட்டேன் என்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. அப்புறம், "அங்கேயே இருங்கக்கா. வர்றேன்" என்று வைத்துவிட்டார். மணி ஐந்தேகால். அவர் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம்.

காத்திருந்தேன். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அந்த அம்மா ஃபைலை மாஸ்டர் கையில் கொடுத்து, "அவ கையில குடுத்துடாத" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு ஏறுவார். நனைந்த சரக்கு, யாரும் வாங்கவில்லை. இறங்கி வந்து ஃபைலை வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொள்வார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"கூடையை மூடாம இதைச் சுத்தி வெச்சிட்டீங்களே. இன்னைக்கு வியாபாரமே போச்சேம்மா."

"மல்லாட்டை நமுத்தா திரும்ப வறுத்துக்குவேன். இதை வறுக்க முடியுமா?" என்றார், மிகச் சாதாரணமாக.

ஆறு மணிக்கு முன்னாலேயே பைக் வந்து நின்றது. ஓவியர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். ஃபைலைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டார்.

"இதை வரைஞ்சது நீயா தம்பி?"

"ஆமாங்க."

அந்த அம்மா கயிற்றை அவிழ்த்து, சட்டைக் கையில் விரலைத் துடைத்துக்கொண்டு, சரியாக அந்தப் பக்கத்தை எடுத்தார். "இந்தக் கட்டத்துல என்னா?"

"ஒண்ணும் இல்லிங்க."

"அது தெரியுது. ஏன் இல்ல?"

"வரைய முடியலிங்க."

"கொன்னானா, இல்லியா?"

ஓவியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தரையைப் பார்த்தேன். "புக்குல கொன்னுடறான்" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியலிங்க."

"புக்குல எதுனா எழுதிட்டுப் போறாங்க. அவன் கொன்னதை நீ பார்த்தியா?"

"இல்லிங்க."

"அப்போ கொல்லல." ஃபைலை மூடி ஓவியர் கையில் கொடுத்தார். மாஸ்டர், "இதென்னாக்கா அநியாயம், ஜட்ஜம்மா மாதிரி தீர்ப்பு சொல்ற! நான் அப்பீலுக்குப் போவேன்" என்று கத்த, லாரிக்காரர்களில் ஒருவர் மாஸ்டர் கட்சி என்று கையைத் தூக்கினார்.

ஓவியர் பெஞ்சில் உட்கார்ந்து தாள்களை எண்ணினார். முப்பத்திரண்டு. ஒன்றில்கூட ஒரு சொட்டு ஈரம் இல்லை. எண்ணி முடித்துவிட்டு நிமிராமலே கேட்டார். "பலூனுக்குன்னா அளவு குறிச்சிக் குடுத்திருப்பேனேக்கா. ஒரிஜினல் எதுக்கு?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் நனைந்த கூடை எதிரே இருந்தது. சொல்லிவிட்டேன். டிராயிங் மாஸ்டரை, பத்து நிமிஷத்தை, அச்சுக்கு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்த சமாதானத்தை, எல்லாவற்றையும்.

அவர் தாள்களை ஃபைலுக்குள் வைத்து மூடினார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். "கேட்டிருந்தா, வேற ஆளு வரையட்டும்னு நானே குடுத்திருப்பேன்கா" என்றார் கடைசியில். "ஆனா அதுக்கப்புறம் அடுத்த பாகத்துக்குப் பென்சிலைத் தொட்டிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா இல்லையா என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. நோட்டைத் திறந்து அந்த வரியை அவரிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்றும் தெரியவில்லை. என்னிடம் வேறு என்ன இருந்தது?

படித்தார். "நல்லா இருக்குதுக்கா" என்றார். நிஜமாகத்தான் சொன்னார். நோட்டைத் திருப்பி நீட்டி, "வேற எங்கனா வெச்சிக்கலாம்" என்றார். அந்தக் குரலில் பழைய சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. எனக்கு உயிர் வந்தது.

இதற்குள் அந்த அம்மா கூடையின் அடியில் கையை விட்டு நனையாத மல்லாட்டையாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார், ஓவியருக்குக் கொடுக்க. "பொழுது போயிடுச்சிங்க, சாப்பிட மாட்டேன்" என்றார் இவர்.

"இப்போ உன்னை யாரு துன்னச் சொன்னது? எடுத்துக்கினு போயி காலையில துன்னு." கூம்புக்குக் கையை நீட்டினார், அடுக்கி வைத்ததெல்லாம் மழையில் கூழாகியிருந்தது. என் பக்கம் திரும்பினார். "பேஜாரா போச்சு. ஏம்மா, உன்கிட்ட காயிதம் எதுனா இருக்குதா?"

நோட்டில் திறந்திருந்த பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். யோசிக்கவில்லை, கை தானாகக் கிழித்தது. அவர் அதை ஒரே சுற்றில் கூம்பாக்கி, நுனியை மடக்கி, மல்லாட்டையை நிரப்பினார். குகையின் இருட்டெல்லாம் உள்பக்கம் போய்விட்டது. வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஓவியரையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். சென்னையில் நாவலாசிரியர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். முப்பத்தோராம் பக்கத்தில் நின்றார். எடிட்டர் அவசரமாக, "இது இன்னும் முடியலை போல..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன். "முடிஞ்சிடுச்சு சார். இதுக்கு வசனமும் கிடையாது." ஓவியர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாவலாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கண்ணிருக்கும் கட்டத்தைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தார். பிறகு எடிட்டரிடம், "இருக்கட்டும். திட்டி வர்ற லெட்டரை எல்லாம் எனக்கு அனுப்பிடுங்க" என்றார்.

லெட்டர்கள் வந்தன. திட்டி வந்தவை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் வழக்கு. கொன்றான் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வகுப்பே அந்தக் கட்டத்துக்குள் தங்கள் படத்தை வரைந்து அனுப்பியிருந்தது. ஒரு பெண் அதற்குள் யாளிக்கு ஒரு குட்டியை வரைந்திருந்தாள். இப்போது நாலாம் பாகம் வேலை நடக்கிறது. நான் எழுதுகிற பலூன்கள் சின்னதாகிவிட்டன. ஓவியர் இப்போதெல்லாம், "அக்கா, இந்த இடத்துல ஒரு வரி இருந்தா தேவலை" என்று அவராகவே கேட்கிறார். ஏழு பாகத்துக்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எதையும் நிரப்புவதில்லை என்று.

முதல் பாகம் அச்சாகி வந்ததும் இருவரும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்குத்தான் முதலில் போனோம். அந்த அம்மா அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கங்களைத் தள்ளித் தள்ளி, நேராக அந்த இடத்துக்குப் போனார். வெள்ளைக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"மாத்தலியே" என்றார். அப்புறம் டீக்கடைப் பக்கம் திரும்பி, "யோவ் மாஸ்டர், வந்து பாரு! இன்னமும் கொல்லல!" என்று குரல் கொடுத்தார்.

இன்றைக்கும் ஆபீஸில் ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் மறக்காமல் கோடு இழுக்கிறேன், ஏனென்றால் நிலத்துக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் பேனாவை மூடும்போது, பின்னாடி யாராவது வந்து எழுதட்டும் என்று நானும் அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தை விட்டுவைத்திருக்கிறேன் என்கிற நினைப்பு வந்து, கை ஒரு நொடி நின்று, சந்தோஷப்பட்டுவிட்டுத்தான் அடுத்த தாளுக்குப் போகிறது.